கேடயத்துல குழம்பு வைக்கலாமா பாஸ்?

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஹாஸ்டல் ரூம்ல, மணி ஒன்றரை இருக்கும். என் கண் முன்னாடியே ஒரு மாவீரன் செத்துப்போனான். ஆறடி உயரம், கையில் நீண்ட வாள், உடம்பெல்லாம் சங்கிலிக் கவசம். சாகடிச்சது ஒரு ஓகர் என்கிற அரக்கன். ஆனா, நிஜமான கொலைகாரன் யார் தெரியுமா? ஒரு தகர டப்பா. அதாவது, அவன்கிட்ட இல்லாமப்போன ஒரு தகர டப்பா!

பதறாதீங்க மக்களே. வீரன் செத்தது பேப்பரில்தான். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'னு ஒரு விளையாட்டு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன்னு ரெண்டு பேர் சேர்ந்து உருவாக்கினது. கம்ப்யூட்டர் வேண்டாம், டி.வி. வேண்டாம். நாலைந்து பேர், பேப்பர், பென்சில், இருபது முகம் கொண்ட ஒரு பகடை, ராத்திரி முழுக்கப் பேசத் தெம்பு. இவ்வளவு போதும். ஒருத்தர் 'டஞ்சன் மாஸ்டர்'. அவர் கதை சொல்வார். மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டராகி, அந்தக் கதைக்குள்ளே போய் 'நான் கதவை உடைக்கிறேன்', 'நான் ஓடிடறேன்'னு சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு பகடை முடிவு பண்ணும். சின்ன வயசில் பாட்டி கதை சொல்லும்போது நடுவுல புகுந்து கலாட்டா பண்ணுவோமே, அதுக்கே ரூல் புக் போட்டா எப்படி இருக்கும்... அதேதான்!

எங்க செட்டில் டஞ்சன் மாஸ்டர் என் ரூம்மேட். படிக்கிறது மெட்டலர்ஜி. இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி இதுதான் எனக்கு ஆப்பு.

கேம் தொடங்குறதுக்கு முன்னாடி உங்க வீரனுக்குச் சாமான் வாங்கணும். 2014-ல் வந்த ரூல் புக்கில் இதுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. நம்ம ஊர் மளிகைக் கடை லிஸ்ட் மாதிரி விலை, எடை எல்லாம் போட்டிருப்பாங்க. நீண்ட வாள் 15 பொற்காசு, 3 பவுண்டு. கேடயம் 10 பொற்காசு, 6 பவுண்டு. இரும்புச் சட்டி 2 பொற்காசு, 10 பவுண்டு. கிட்டத்தட்ட நாலரைக் கிலோ! கேடயத்தைவிட சட்டி கனம். இதை முதல் தடவை படிச்சப்போ சிரிச்சேன். அப்புறம் சிரிக்கலை.

தனித்தனியா வாங்கச் சோம்பேறித்தனமா இருந்தா, மூட்டையாவும் கிடைக்கும். என் வீரனுக்கு ரெண்டு சாய்ஸ். முதலாவது, சுரங்கத்துக்குள்ளே இறங்குறவங்களுக்கான மூட்டை. கடப்பாரை, சுத்தியல், பாறையில் அடிக்கிற பத்து முளை, பத்து தீப்பந்தம், சிக்கிமுக்கிப் பெட்டி, பத்து நாள் சாப்பாடு, தோல் பையில் தண்ணீர், 50 அடிக் கயிறு. ரெண்டாவது, ஊர் ஊராப் பயணம் போறவங்களுக்கான மூட்டை. அதில் கடப்பாரையும் கிடையாது, சுத்தியலும் கிடையாது. பதிலுக்கு ஒரு படுக்கை. கூடவே அந்தத் தகர டப்பா.

இந்த டப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியே ஆகணும். விலை 2 வெள்ளிக்காசு, எடை ஒரு பவுண்டு. மூடினா பெட்டி. உள்ளே ஒரு டம்ளரும், சாப்பிடுறதுக்கு ஸ்பூன் வகையறாவும் இருக்கும். திறந்தா ஒரு பாதி அடுப்பில் வைக்கிற வாணலி, மறு பாதி தட்டு. அவ்வளவு பெரிய மாயாஜாலப் புத்தகத்தில், மந்திரமே இல்லாம ரெண்டு மூணு வேலை பார்க்கிற சாமான்!

நான் எதை எடுத்திருப்பேன்? இருபது வயசுப் பையன்கிட்ட கடப்பாரை வேணுமா தட்டு வேணுமான்னு கேட்டா என்ன சொல்வான்? கடப்பாரைதான்!

வாளில் வெந்த பன்றி

கதையில் நாலாவது நாள் ஆற்றைக் கடக்கும்போது தெப்பம் கவிழ்ந்தது. சாப்பாட்டு மூட்டை ஆற்றோடு போயிடுச்சு. அந்தச் சாப்பாடு என்னன்னா காய்ந்த இறைச்சி, உலர்ந்த பழம், கல்லு மாதிரி பிஸ்கெட், கொட்டை வகைகள். அதுவே பெரிய விருந்து இல்லை. இருந்தாலும், இல்லாதப்பதான் அருமை தெரியும்.

ரூல் புக்கில் பசிக்கும் கணக்கு உண்டு. ஒருத்தர் மூணு நாளும், அவர் உடம்புத் தெம்புக்கு ஏத்த மாதிரி கூடக் கொஞ்ச நாளும் பட்டினி தாங்கலாம். என் ஆளுக்கு அஞ்சு நாள். அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் களைப்பு ஒரு படி ஏறும். ஆறாவது படியில் ஆள் காலி. பகடை உருட்டித் தப்பிக்கவெல்லாம் முடியாது.

அஞ்சாவது நாள் ஒரு காட்டுப்பன்றி சிக்குச்சு. சட்டி இல்லை, வாணலி இல்லை. ரொம்பப் புத்திசாலித்தனமா, "வாளில் குத்தி நெருப்பு மேல சுட்டுச் சாப்பிடறேன்"னு அறிவிச்சேன். ரூம்மேட் நிமிர்ந்து பார்த்தான்.

"எவ்ளோ நேரம்டா சுடுவே?"

"பன்றிடா மச்சி... ஒரு மணி நேரமாச்சும் ஆகும்."

"தணல் மேலயா, கொழுந்துவிட்டு எரியற தீயிலயா?"

"இதென்ன வைவாவா? நல்லா எரியற தீ. பசிக்குதுடா!"

ஒண்ணும் சொல்லாம ஏதோ குறிச்சுக்கிட்டான். மறுநாள் ஓகர் வந்தது. நான் வாளை ஓங்கிப் பகடையை உருட்டினேன். விழுந்தது ஒண்ணு. இருக்கிறதிலேயே மோசமான நம்பர். "ஓகரோட கதாயுதத்துல மோதி உன் வாள் வளைஞ்சு போச்சு. நேத்து அதுல பன்றி சுட்டே இல்ல? டெம்பர் போயிடுச்சு"ன்னான் பாவி. அடுத்த ரவுண்டில் என் மாவீரன் மண்ணுக்குள்ளே.

ரூல் புக்கில் அப்படி ஒரு விதியே கிடையாது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை போட்டேன். பக்கத்து ரூம் சீனியர் வந்து கதவைத் தட்டினார். ஆனா, என்னைத் தூங்கவிடாமப் பண்ணது கோபம் இல்லை. 'ஒருவேளை அவன் சொல்றது கரெக்ட்டோ?'ங்கிற டவுட்டு.

லேபில் கிடைச்ச பல்பு

நான் மெக்கானிக்கல், மூணாவது வருஷம். மெட்டீரியல்ஸ் லேபில் இந்த விஷயத்தைக் கையால செஞ்சே இருக்கேன். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினதோட மறந்துட்டேன், அவ்வளவுதான். (நீங்களும் அப்படித்தானே? ஹி...ஹி...) திங்கட்கிழமை போய் நோட்டைப் புரட்டினேன்.

கார்பன் அதிகமுள்ள ஸ்டீல் துண்டைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணியிலோ எண்ணெயிலோ சட்டுன்னு முக்கினா கண்ணாடி மாதிரி கெட்டியாகும். ராக்வெல் மெஷினில் வெச்சுப் பார்த்தா 60-க்கு மேல காட்டும். ஆனா, கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும். அதனால மறுபடி மிதமான சூட்டில் வைப்பாங்க. அதுதான் டெம்பரிங். சூடு ஏற ஏற, தேய்ச்சுப் பளபளப்பாக்கின ஸ்டீல் மேல கலர் மாறுவதைக் கண்ணாலயே பார்க்கலாம். 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் கலர். 300-ஐ நெருங்கினா மயில் நீலம். பார்க்க அழகா இருக்கும். ஒவ்வொரு கலருக்கும் கடினம் கொஞ்சம் இறங்கியிருக்கும். 400 டிகிரியில் 50-க்கும் கீழே. 600-ல் 35 பக்கம் வந்துடும். வாள் செய்யற கொல்லர் ஒரு சூட்டைக் கணக்குப் பண்ணி அதோட நிறுத்தியிருப்பார். அதைத் தாண்டி நீங்க சூடேத்தினா, அவர் செஞ்ச அத்தனை வேலையையும் அழிக்கிறீங்கன்னு அர்த்தம். விறகுத் தீயும் தணலும் சாதாரணமா 600 டிகிரியைத் தாண்டும்.

லேப் சார்கிட்டே தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சார், வாள்ல கறி சுட்டா..."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "கறிக்குள்ள இருக்கிற பாகம் தப்பிச்சிடும் தம்பி. அதுல தண்ணி இருக்குல்ல, நூறு டிகிரியைத் தாண்ட விடாது. வெளியில நீட்டிட்டு நெருப்புல காயுது பார், அங்கதான் போச்சு"ன்னார். அப்புறம், "எதுக்குப்பா கேக்கறே? ப்ராஜெக்ட்டா?"

"ஆமா சார்." வேற என்ன சொல்றது!

சின்ன வயசில் பேப்பர் கப்பில் தண்ணி ஊத்தி மெழுகுவத்தி மேல காட்டுற மேஜிக் பண்ணியிருப்பீங்க. பேப்பர் எரியாது, தண்ணி சுடும். அதே மேட்டர்தான். உள்ளே தண்ணி இருக்கிறவரைக்கும் பாத்திரம் ரொம்பச் சூடாகாது. ஆக, கேடயத்தைத் திருப்பிப் போட்டு அதுல குழம்பு கொதிக்க வெச்சா கேடயம் பிழைக்கும். அதுலயே அப்பளம் பொரிச்சாலும் ஓரளவு சமாளிக்கும். குழம்பு சுண்டி அடிப்பிடிக்கவிட்டாத்தான் வம்பு.

இது கற்பனைக் கதைக்கு மட்டும் பொருந்துற கணக்கு இல்லை. நிஜப் போரிலேயே நடந்திருக்கு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் போட்டிருந்த எம்1 ஹெல்மெட் ரெண்டு அடுக்கு. உள்ளே லேசான ஒரு தொப்பி, வெளியே ஸ்டீல் ஓடு. ஓடு தனியாக் கழண்டு வந்துடும். கழட்டித் திருப்பிப் போட்டா அரைக்கோளக் கிண்ணம்! சிப்பாய்கள் விடுவாங்களா? அதுல முகம் கழுவினாங்க, ஷேவ் பண்ணாங்க, சாக்ஸ் துவைச்சாங்க, மண்ணு வாரினாங்க, கவிழ்த்துப் போட்டு அது மேல உட்கார்ந்தாங்க. அடுப்பில் ஏத்திச் சமைக்கவும் செஞ்சாங்க.

அங்கேதான் சிக்கல். அந்த ஓடு சாதா ஸ்டீல் இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882-ல் கண்டுபிடிச்ச மாங்கனீஸ் ஸ்டீல். அதில் மாங்கனீஸ் மட்டும் 12 சதவிகிதத்துக்கும் மேல. அடிக்க அடிக்க இறுகுற குணம் அதுக்கு. தண்டவாளம் ரெண்டாப் பிரியற இடத்தில் சக்கரம் 'தடக்'குனு இடிக்குமே, அந்த கிராஸிங்கைச் செய்யறதும் இதே ஜாதி ஸ்டீலில்தான். ஆனா, இதை மறுபடி 300 டிகிரிக்கு மேல சூடாக்கினா, உள்ளே கார்பன் பிரிஞ்சு போய் ஓரங்களில் கூடு கட்டிக்கும். வெளியே பார்த்தா அதே ஹெல்மெட்தான். ஆனா, அடி வாங்கினா நெளியறதுக்குப் பதிலா விரிசல் விட்டுடும். சோப்புத் தண்ணி சுட வைக்கறது ஓ.கே. தண்ணியில்லாமக் காயவிட்டாலோ வறுத்தாலோ, மறுநாள் அதே ஹெல்மெட்டை நம்பித் தலையை நீட்ட முடியாது. அந்தச் சிப்பாயோட இடத்தில் உங்களை வெச்சுப் பாருங்க. பனி கொட்டுது. மூணு நாளா ஜில்லுனு டின் சாப்பாடு. கையில் இருக்கிற ஒரே பாத்திரம் தலையில் இருக்கு. மெட்டலர்ஜி யாருக்கு ஞாபகம் வரும்?

1980-களில் கெவ்லார் ஹெல்மெட் வந்தபிறகு இந்த வாய்ப்பே போச்சு. அதை அடுப்பில் வைக்க முடியாது.

ரெண்டு வேலை பார்க்கிற சாமானைச் சேதாரமில்லாம யோசிச்சவங்களும் உண்டு. 14-ம் நூற்றாண்டில் ஃப்ராய்ஸார்னு ஒரு வரலாற்று ஆசிரியர், ஸ்காட்லாந்துக் குதிரைப் படையைப் பத்தி எழுதியிருக்கார். சேணத்துக்கு அடியில் ஒரு அகலமான இரும்புத் தகடு, பின்னால ஒரு சின்ன மூட்டையில் ஓட்ஸ் மாவு. ராத்திரியானா தகட்டைத் தீயில் போட்டு, மாவைத் தண்ணியில் குழைச்சு ஊத்தி அடை சுட்டுச் சாப்பிட்டுட்டு, விடிஞ்சதும் கிளம்பிடுவாங்களாம். சமையல் வண்டியே கிடையாது. அதனால அந்தப் படை வேகமா நகர்ந்ததுன்னு எழுதறார். குதிரைக்கு அடியில் தோசைக்கல்!

சுவிஸ் ராணுவக் கத்தியும் இதே கோஷ்டிதான். 1891-ல் முதல்முதலாக் கொடுத்தப்போ அதில் இருந்தது ஒரு பிளேடு, ஒரு துளையூசி, டின் திறக்கிற கருவி, ஒரு ஸ்க்ரூடிரைவர். துப்பாக்கியைக் கழட்டி மாட்டவும் சாப்பாட்டு டின்னைத் திறக்கவும் ஒரே கத்தி. கேம்பிரிட்ஜில் இருக்கும் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில் இதுக்குக் கொள்ளுத்தாத்தா ஒண்ணு இருக்கு. ரோமானியர் காலத்துது. ஸ்பூன், ஃபோர்க், கத்தி, கூர் ஊசி எல்லாம் ஒரே கைப்பிடியில் மடங்கும்.

சமையல்காரர் சென்ஷி

சரி, நிஜ உலகம் போதும். இந்த மேட்டரையே மூச்சா வெச்சு 14 வால்யூம் மாங்கா எழுதின ஒருத்தரைப் பத்திச் சொல்லலைன்னா எனக்கு தூக்கம் வராது. ஜப்பான்காரரான ரியோகோ குயி. மாங்கா பேர் 'டஞ்சன் மெஷி'. தமிழில் சொல்லணும்னா 'சுரங்கச் சாப்பாடு'. 2014-ல் ஆரம்பிச்சு 2023-ல் முடிஞ்சது. 2024 ஜனவரியில் ட்ரிகர் ஸ்டூடியோ அனிமே ஆக்கி, நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. 24 எபிசோடு. எக்ஸாம் நேரத்தில் மட்டும் பார்த்துடாதீங்க. அனுபவஸ்தன் சொல்றேன்.

கதை எப்படித் தொடங்குது தெரியுமா? லையோஸ்னு ஒரு வீரன், தன் தங்கச்சி ஃபாலினோடும் கூட்டாளிகளோடும் சுரங்கத்தின் ஆழத்தில் ஒரு சிவப்பு டிராகனோட மோதறான். தோத்துடறாங்க. ஏன்? பசி! கொண்டுவந்த சாப்பாடு தீர்ந்துபோய் ஒருத்தருக்கும் மூளை வேலை செய்யலை. தங்கச்சியை டிராகன் முழுங்கிடுது. முழுங்கறதுக்கு முந்தின நொடியில் மந்திரம் போட்டு மத்தவங்களை வெளியே அனுப்பிட்டுத்தான் போறா. டிராகனுக்குச் சீரணம் மெதுவாத்தான் ஆகும். அதுக்குள்ளே திரும்பிப் போனா மீட்டுடலாம். ஆனா கையில் காசு இல்லை, சாமான் போச்சு, சாப்பாடு சுத்தமாக் கிடையாது. கூட்டாளிகளில் ரெண்டு பேர் கழண்டுக்கறாங்க. வேற வழியில்லாம, போற வழியில் சிக்குற பூதம் பிசாசையெல்லாம் சமைச்சுச் சாப்பிட்டுக்கிட்டே இறங்கறதுன்னு லையோஸ் முடிவெடுக்கிறான்.

அப்போ என்ட்ரி கொடுக்கிறார் சென்ஷி. தாடி வெச்ச குள்ளர் இனத்துக்காரர். பத்து வருஷத்துக்கு மேலா சுரங்க ஜந்துக்களைச் சமைக்கிறதே அவருக்கு ஆராய்ச்சி. குள்ளர்கள்னாலே ஆயுதப் பைத்தியம்னு ஃபேன்டசி கதைகளில் ஒரு வழக்கம். இவர் அதில் விதிவிலக்கு. கோடாலியைக் கண்டுக்க மாட்டார். ஆனா பாத்திரம் மட்டும் பளபளன்னு இருக்கும். கூட்டாளிகள் ஒருநாள் அந்தப் பாத்திரத்தை உத்துப் பார்த்தா... அடமன்டைட்! அந்த உலகத்திலேயே கெட்டியான உலோகம். கேடயமா இருந்ததைச் சட்டியா மாத்தி வெச்சிருக்கார் மனுஷன். காய் நறுக்கும் கத்தி, மித்ரில். வீரர்கள் சொத்தை வித்து வாங்குற சமாச்சாரத்தில் இவர் வெங்காயம் நறுக்கிட்டு இருப்பார்.

நடமாடும் கவசம்னு ஒரு பூதம் வரும். உள்ளே ஆளே இருக்காது, கவசம் மட்டும் வாள் வீசும். அடிச்சுப் பிரிச்சுப் பார்த்தா உள்ளே சிப்பி மாதிரி ஜந்துக்கள் கூட்டமா ஒட்டிக்கிட்டு இருக்கும். சென்ஷி என்ன பண்ணுவார்? கவசத் துண்டுகளை அப்படியே தீயில் அடுக்கிடுவார். சிப்பியை ஓட்டோடு சுடற மாதிரி! பூதமும் அதுதான், பாத்திரமும் அதுதான். இன்னொரு இடத்தில், திருடர்களைக் கொல்ல வெச்சிருக்கிற எண்ணெய்ப் பொறியையும் நெருப்புப் பொறியையும் வெச்சே பஜ்ஜி மாதிரி ஒண்ணைப் பொரிச்சு எடுக்கிறார். பூட்டு உடைக்கும் சில்சக்குக்கு, தன் தொழில் ரகசியத்தை அடுப்பாக்கிட்டாரேன்னு ஒரு பக்கம் கடுப்பு, ஒரு பக்கம் பசி. அந்த முகபாவத்துக்காகவே ரெண்டு தடவை பார்த்தேன்.

கடைசியில் டிராகன் எதிரில் நிற்கிறப்போ அது நெருப்பைக் கக்கும். சென்ஷி சட்டியைத் தூக்கிக் குறுக்கே பிடிப்பார். சட்டி தாங்கும். அந்தச் சட்டி அதுவரைக்கும் பல நாளா அடுப்பில் ஏறி இறங்கினது. என் ரூம்மேட் ஃபார்முலாப்படி டெம்பர் போயிருக்கணும்! அவன்கிட்டயே கேட்டேன். "அடமன்டைட்டுக்கு ஃபேஸ் டயக்ராம் இல்லடா. இருந்தாக் கொடு, சொல்றேன்"னுட்டான். ஆள் நழுவிட்டான்னு நான் சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்க?

மித்ரில் விஷயத்தில் எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. எடை கம்மி, உறுதி ஜாஸ்தின்னு டோல்கீன் அதை வர்ணிச்ச விதத்தைப் பார்த்தா, நம்ம உலகத்தில் கிட்டத்தட்டப் பக்கத்தில் வர்றது டைட்டானியம். மலையேறுறவங்க டைட்டானியம் பாத்திரம் வாங்குவாங்க. ஸ்டீலோட அடர்த்தியில் பாதிக்குச் சற்று மேலதான் இருக்கும். முதுகுக்குச் சொர்க்கம். ஆனா, சூட்டைப் பரப்புறதில் மகா கஞ்சன். அலுமினியம் கடத்துறதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அடுப்புத் தீ படுற இடம் மட்டும் கருகும், ஓரம் பச்சையா இருக்கும். தண்ணி கொதிக்க வைக்க ஓ.கே. உப்புமா கிண்டினா அவ்வளவுதான். ஆகவே மித்ரில் கத்தி சரி, மித்ரில் வாணலி வேண்டாம்.

மந்திரச் சாமான்களையும் ஒரு ரவுண்டு பார்த்துடுவோம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 'அசையாத் தடி'ன்னு ஒண்ணு உண்டு. பட்டனை அழுத்தினா அந்தரத்தில் அப்படியே நிக்கும். 8,000 பவுண்டு வரைக்கும் தாங்கும், அதாவது மூவாயிரத்து அறுநூறு கிலோ! எல்லாரும் இதை வெச்சு மதில் ஏறுவாங்க. நான் பார்த்த உடனே நினைச்சது, நடுக்காட்டில் சட்டியைத் தொங்கவிட இதைவிட நல்ல கொக்கி ஏது? அப்புறம் 'ரசவாதக் கூஜா'. சொன்ன திரவத்தை ஊத்தும். ஆசிட், விஷம், பீர், தேன், வினிகர், எண்ணெய், நல்ல தண்ணி... கூடவே மயோனைஸ்! ஒரு நாளைக்கு 2 கேலன், அதாவது ஏழரை லிட்டர். ஒரே ஒரு கண்டிஷன், எதைக் கேட்டீங்களோ மறுநாள் விடியற வரைக்கும் அதுதான். எதிரி வாசல்ல நிக்கும்போது காலையில் மயோனைஸ் கேட்டது ஞாபகம் வந்தா... டரியல்தான்.

சாமின் வாணலி

இந்தக் கட்டுரையை இதோட முடிச்சிருப்பேன். ஆனா ஒருத்தன் விட மாட்டேங்கிறான். சாம். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' சாம்.

2001-ல் வந்த படத்தில் சாம் வாணலியால ஓர்க்குகளை மண்டையில் போடுவான். தியேட்டரில் கைதட்டின சீன்னு எங்க அண்ணன் இன்னமும் சொல்வார். ஆனா 1954, 55-ல் வெளிவந்த நாவலில் அந்தப் பாத்திரங்கள் வேற மாதிரி வருது. ஒண்ணுக்குள்ளே ஒண்ணு அடங்குற ரெண்டு தட்டை வாணலி, மரக்கரண்டி, ஒரு ஃபோர்க், இறைச்சி சுடக் கம்பிகள், கூடவே உயிரா வெச்சிருக்கிற கொஞ்சம் உப்பு. ஊர்ல இருந்து கிளம்பினப்போ மூட்டையில் வெச்சதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காமத் தூக்கிக்கிட்டே வருவான். இதிலியன் காட்டில் கொல்லம் பிடிச்சுட்டு வந்த ரெண்டு முயலை வெச்சு ஃப்ரோடோவுக்காக ஒரு ஸ்டூ வைப்பான். அவ்வளவு பெரிய நாவலில், அவ்வளவு போருக்கு நடுவுல, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அந்தச் சின்னச் சமையல்தான்.

அப்புறம் மோர்டோர். தண்ணி இல்லை. சமைக்க ஒண்ணும் இல்லை. ஃப்ரோடோவால நடக்க முடியலை. எடையைக் குறைச்சே ஆகணும். ரெண்டு பேரும் இருக்கிறதையெல்லாம் வீசறாங்க. சாம் தன் பாத்திரங்களை எடுத்துட்டுப் போய் ஒரு பள்ளத்தில் போடறான். அது இருட்டில் உருண்டு விழற சத்தத்தை அவனால தாங்க முடியலை. வாளைப் போட்டதுக்கு யாரும் அழலை. வாணலிக்கு அழறான். ஏன்னா வாணலி இருக்கிற வரைக்கும் 'திரும்பி வர்ற வழியில சமைச்சுக்கலாம்'னு ஒரு நினைப்பு இருந்தது. அதைப் போட்டுட்டா, திரும்பி வர்றதா ஐடியா இல்லைன்னு தனக்கே சொல்லிக்கிற மாதிரி.

முதல் தடவை ஸ்கூல் படிக்கும்போது இந்தப் பக்கத்தைத் தாவிட்டேன். ஹாஸ்டலுக்கு வந்தப்புறம் திரும்பப் படிச்சேன். ஃபர்ஸ்ட் இயர்ல அம்மா என் டிரங்க் பெட்டியில ஒரு எவர்சில்வர் தூக்குவாளியைத் திணிச்சாங்க. "இதெல்லாம் எதுக்கும்மா, மெஸ் இருக்கு"ன்னு கத்தினேன். "இருக்கட்டும்டா, எதுக்காச்சும் ஆகும்"னாங்க. ஆச்சு. மூணு வருஷத்தில் அது மக்கா இருந்திருக்கு, குளிக்கிற சொம்பா இருந்திருக்கு, காய்ச்சல்ல படுத்தப்போ ரூம்மேட் அதுலதான் கஞ்சி வாங்கிட்டு வந்தான். ஒரு மழை நாள்ல மூடியைத் தட்டாக்கி நாலு பேர் நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கோம். (எதுல வேகவெச்சோம்னு கேட்காதீங்க. வார்டன் சார் இந்தப் பக்கத்தைப் படிப்பார்.) ஒரு தடவை ராத்திரி கரன்ட் போனப்போ எலியைத் துரத்த அதைக் கவிழ்த்துப் பிடிச்சு கேடயமாவும் ஆக்கினோம். எலி ஜெயிச்சது.

வர்ற சனிக்கிழமை புது கேம். புது வீரனுக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே சாமான் லிஸ்ட்டைப் போட்டுட்டேன். கடப்பாரை கட். சுத்தியல் கட். தகர டப்பா ஒண்ணு. அதுக்கு மேல ரெண்டு பொற்காசு கொடுத்து அந்த நாலரைக் கிலோ இரும்புச் சட்டியும் வாங்கிட்டேன். லிஸ்ட்டை வாங்கிப் பார்த்த ரூம்மேட் கேட்டான்.

"எல்லாம் சரி மச்சி... ஆயுதம் எங்கடா?"

காசு தீர்ந்துபோச்சு. சட்டிக்குப் பக்கத்தில் பிராக்கெட் போட்டு 'தேவைப்பட்டால் ஓங்கி அடிக்கவும்'னு எழுதிக் கொடுத்திருக்கேன்.